தண்ணி ரிப்போர்ட்ல ஆவரேஜைப் பாக்காதீங்க



இந்த வார எபிசோட்ல டேஷ்போர்டு பத்திப் பேசினோம். எல்லா டைலும் பச்சை, ஆனா கஸ்டமர் மட்டும் கத்திக்கிட்டே இருப்பார். அந்த நிலைமை நம்ம எல்லாருக்கும் பழக்கம்தான். பேச்சுக்கு நடுவுல, "என்கிட்ட ஒரு குடிநீர் கம்பெனிக் கதை இருக்கு, நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொல்லி நழுவிட்டேன். எபிசோட் வந்ததுல இருந்து அதைக் கேட்டு நிறைய மெயில். சரி, இதோ.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆறு மாச காண்ட்ராக்ட் ஒண்ணு கிடைச்சுது. வெண்டருக்குக் கீழ வெண்டர், அவருக்குக் கீழ நான். வழக்கமான கதைதான். கடைசி க்ளையன்ட், அமெரிக்காவுல சில ஊர்களுக்கு ஆத்துத் தண்ணியைச் சுத்திகரிச்சு விக்கிற ஒரு நிறுவனம். பேரு வேண்டாம். மக்கள் தங்களோட முகவரியைத் தட்டினா தண்ணித் தரம் தெரியணும், அப்படி ஒரு போர்ட்டல் கட்டணும். லேப்ல இருந்து வர்ற ஃபைலை வாங்கி, டேட்டாபேஸ்ல ஏத்தி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டைல் காட்டணும். இதுதான் என் வேலை.

அதுல ஒரு டைல் 'மொத்த டிரைஹாலோமீத்தேன்'. சட்ட எல்லை லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். எங்க டைல் அதுல பாதியைக் காட்டி, நல்லா பச்சையா இருந்துச்சு.

டேட்டாவைச் சரிபார்க்கும்போதுதான் கவனிச்சேன். மாதிரி எடுக்குற இடம் மொத்தம் எட்டு. ஏழு இடத்துல எண்கள் சாது. எட்டாவது, குழாய் வலைப்பின்னலோட கடைக்கோடி, ஒரு பெரிய தொட்டிக்கு அப்புறம் வர்ற இடம். அங்க கோடை காலாண்டு எண் எல்லையைத் தாண்டி நின்னுச்சு. பார்ஸிங் தப்புன்னு நினைச்சு அனலிஸ்ட்டைக் கேட்டேன். "தப்பு இல்ல, அங்க கோடையில அப்படித்தான் வரும். வருஷச் சராசரி எல்லைக்குள்ள இருக்கு, விதிமீறல் இல்ல"ன்னாங்க. "அப்போ அந்த ஏரியா முகவரி போட்டா அந்த இடத்து எண்ணைக் காட்டலாமே?"ன்னு ஒரு டிக்கெட் போட்டேன். "மக்களைக் குழப்ப வேண்டாம்"னு ஒரு வரி எழுதி மூடிட்டாங்க. ஸ்பிரிண்ட் ரிவியூல நான் வாயே திறக்கல. காண்ட்ராக்ட் நீட்டிப்பு வர்ற மாசம் அது.

அதே வாரக் கடைசியில என் காலேஜ் நண்பன் கூப்பிட்டான். அவன் புதுசா வீடு வாங்கினது அந்தக் கடைக்கோடி ஏரியாவுலதான். மனைவிக்கு ஏழாவது மாசம். பிரசவத்துக்காக அவன் அம்மா திருச்சியில இருந்து வந்திருந்தாங்க. "மாப்ள, குழாய்த் தண்ணி ஒரே பிளீச்சிங் பவுடர் நாத்தம். நீ தண்ணி கம்பெனிக்குத்தானே வேலை பாக்குற? குடிக்கலாமாடா?"

பின்னாடி இருந்து அவங்க அம்மா, "தம்பி, நான் கொதிக்க வச்சு ஆத்தித்தான் குடுக்குறேன், அது போதுமில்ல?"ன்னாங்க.

எனக்கு உடனே பதில் வரல. அந்த ஒரு கேள்விக்காகப் படிச்சதுதான் கீழ இருக்கிறது.

குளோரின் கெட்டவன் இல்ல

இதை முதல்லயே சொல்லிடுறேன். இல்லன்னா இந்த மெயில் பாதியா வெட்டப்பட்டு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல 'குளோரின் விஷம்'னு சுத்தும்.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர். 2000 மே மாசம் பெரிய மழை. மாட்டுச் சாணத்துல இருந்த ஈ.கோலை கிருமி ஊர்க் கிணத்துக்குள்ள போயிடுச்சு. குளோரின் போதுமான அளவு போடல. போட்டதா லாக்ல மட்டும் பொய் எண் எழுதி வச்சிருந்தாங்க. 7 பேர் செத்தாங்க, 2,300 பேருக்கு மேல நோய்ப்பட்டாங்க. குளோரின் இல்லாத தண்ணியோட ஆபத்து சில நாள்ல தெரியும். துணைப்பொருள்களோட ஆபத்து, இருந்தாலும், பல பத்து வருஷக் கணக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.

நான் இப்போ இருக்குற ஜெர்சி சிட்டிதான் அமெரிக்காவுல ஒரு நகரத்தோட மொத்தத் தண்ணிக்கும் தொடர்ந்து குளோரின் போட ஆரம்பிச்ச முதல் ஊர். 1908 செப்டம்பர் 26. பூன்டன் நீர்த்தேக்கத்துல இருந்து ஒரு நாளைக்கு 4 கோடி கேலன். அதைச் செஞ்சவர் ஜான் லீல்ங்கிற டாக்டர். யார்கிட்டயும் அனுமதி கேக்கல. நேரா புரொடக்‌ஷன்ல டெப்ளாய்.

அவர் ஏன் அதைச் செஞ்சார்ங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுது. தண்ணி சுத்தமா இல்லன்னு நகரம் தண்ணி கம்பெனி மேல கேஸ் போட்டிருந்துச்சு. மேல ஆத்தங்கரை ஊர்களோட சாக்கடையைத் தடுக்க வழி பண்ணு, இல்லன்னா வேற ஏதாவது ஏற்பாடு பண்ணுன்னு கோர்ட் சொல்லிச்சு. சாக்கடைத் திட்டம் பெரிய செலவு. லீல் அந்த 'வேற ஏற்பாட்டை'ப் பிடிச்சுக்கிட்டார். குளோரின் மலிவு, வேகம், வேலையும் செஞ்சுது. கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம் எத்தனை உயிர் பிழைச்சிருக்கும்னு எண்ணி முடியாது.

ஆனா அன்னைக்கே ஒரு பழக்கமும் தொடங்கிடுச்சு. மேல ஆத்தைச் சுத்தம் பண்றதை விடக் கீழ மருந்து ஊத்துறது மலிவு. அந்தப் பழக்கத்தோட பில்லுதான் நாம இப்போ பேசப்போறது.

பீர்க் கலையில இருந்து வந்த கண்டுபிடிப்பு

66 வருஷம் இந்த பில்லை யாரும் பாக்கல. நெதர்லாந்துல ராட்டர்டாம் குடிநீர் நிலையத்துல யோஹானஸ் ரூக்ங்கிற வேதியியலாளர் வேலை பாத்தார். அதுக்கு முன்னாடி பீர் தொழில்ல இருந்தவர். பீர் மேல இருக்குற காத்தைப் பிடிச்சு மணத்தை ஆராயுற முறை அவருக்குக் கைவந்த கலை. அதையே ஆத்துத் தண்ணிக்குப் போட்டார். சுத்திகரிச்ச தண்ணியில குளோரோஃபார்ம் இருந்துச்சு. ஆத்துல இருந்து எடுத்த தண்ணியில அது இல்ல. யாரும் கலக்கல. குளோரின் போட்ட அப்புறம் அங்கேயே உண்டாகியிருக்கு. 1974-ல இதை வெளியிட்டார். அதே வருஷம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆட்களும் தனியா இதையே கண்டுபிடிச்சாங்க.

விஷயம் எளிமையானது. ஆத்துல இலை, தழை, மண்ணு எல்லாம் மக்கிக் கரைஞ்சிருக்கும். டீ டிகாக்‌ஷன் மாதிரி லேசான பழுப்பு நிறம் தெரியுமே, அதுதான். குளோரின் கிருமியைத் தாக்குற மாதிரியே இந்தக் கரிமப் பொருளையும் தாக்கும். அப்போ உண்டாகுறதுதான் டிரைஹாலோமீத்தேன், ஹாலோஅசிட்டிக் அமிலம் எல்லாம். கரிமம் கூடினா கூடும். வெயில் ஏறினா கூடும். குழாயில தண்ணி நின்ன நேரம் நீண்டா கூடும். கடைக்கோடி, கோடைக்காலம், பெரிய தொட்டி. அந்த எட்டாவது இடத்துக்கு மூணும் பொருந்துது.

இதுவரைக்கும் 700-க்கு மேல இப்படிப்பட்ட துணைப்பொருள்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அமெரிக்கச் சட்டம் எல்லை வச்சிருக்கிறது 11-க்கு: 4 டிரைஹாலோமீத்தேன், 5 ஹாலோஅசிட்டிக் அமிலம், புரோமேட், குளோரைட். அந்த 11-ஐயும் எல்லாத்துக்கும் பிரதிநிதியா வச்சுப் பாக்குறாங்க. நம்ம பாஷையில, 700 எரர் வர்ற சிஸ்டத்துல 11-க்கு மட்டும் அலர்ட். அது தப்புன்னு சொல்லல, ஏதாவது ஒரு அடையாளம் வேணும். ஆனா அடையாளத்தைக் குறைச்சா நோய் குறைஞ்சதா அர்த்தம் இல்ல.

உடம்புக்கு என்ன? பல வருஷம் இந்தத் தண்ணி குடிச்சவங்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு பல ஆய்வுகள் காட்டுது. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ற நிலைக்கு இன்னும் வரல. கர்ப்பகால விளைவுகளைப் பத்தின ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. பயமுறுத்துற அளவுக்கு இல்ல, ஒதுக்கித் தள்ளுற அளவுக்கும் இல்ல.

ஆவரேஜ்ல ஒளிஞ்சுக்கிறது

இனிமே வர்றதுதான் நம்ம துறை சமாச்சாரம்.

ஒரு கணக்கு போடுவோம். உதாரண எண்கள்தான், அந்தக் கம்பெனியோடது இல்ல. கடைக்கோடி இடத்துல நாலு காலாண்டு அளவு: 48, 66, 121, 69. கூட்டினா 304, நாலால வகுத்தா 76. எல்லை 80, பாஸ். மத்த ஏழு இடத்துலயும் வருஷச் சராசரி 35-னு வச்சுக்குங்க. எட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தா 40. பளிச்னு பச்சை.

121 எங்க போச்சு? யாரும் மறைக்கல, பொய் சொல்லல. ரெண்டு தடவை வகுத்தாங்க, அவ்வளவுதான். முதல் தடவை நேரத்தால, ரெண்டாவது தடவை இடத்தால.

இதைச் சட்டம் பண்றவங்களும் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. 1979-ல அமெரிக்கா முதல் எல்லை போட்டப்போ 100 மைக்ரோகிராம், ஊர் முழுக்கச் சராசரி. 1998-ல 80 ஆக்கினாங்க, ஹாலோஅசிட்டிக் அமிலத்துக்கு 60. ஆனா அப்பவும் ஊர் முழுக்கச் சராசரிதான். 2006-ல வந்த இரண்டாம் கட்ட விதிதான் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வருஷச் சராசரி வேணும்னு சொல்லிச்சு. எல்லை எண் மாறவே இல்ல, கணக்கு போடுற முறை மட்டும்தான் மாறிச்சு. அந்த மாற்றத்தால வருஷத்துக்குச் சுமார் 280 சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களைத் தவிர்க்கலாம்னு முகமை மதிப்பிட்டுச்சு. ஒரு 'குரூப் பை' மாத்தினதுக்கு இவ்வளவு மதிப்பு. நம்ம துறையில இதை விட முக்கியமான குவெரி எழுதினவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க.

ஆனா நாங்க கட்டின போர்ட்டல்ல, சட்டத்துக்குப் போற அறிக்கை இட வாரியா, மக்களுக்குக் காட்டுற டைல் ஊர் சராசரி. 2006-ல சட்டம் விட்ட கணக்கை நாங்க மறுபடி கொண்டுவந்துட்டோம். அதுவும் முகவரி கேக்குற ஒரு போர்ட்டல்ல! முகவரியை வாங்கிக்கிட்டு அந்த முகவரிக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணைக் காட்டுறதுக்கு, முகவரியே கேக்காம இருந்திருக்கலாம்.

இட வாரிச் சராசரியும் முழுத் தீர்வு இல்ல. வாழ்நாள் முழுக்கக் குடிச்சா என்ன ஆகும்ங்கிற கணக்குக்கு வருஷச் சராசரி சரி. கர்ப்பம் ஒம்பது மாசம்தான். கோடைக் காலாண்டோட உச்சம் அந்த ஒம்பது மாசத்துக்குள்ள முழுசா விழலாம். என் நண்பன் வீட்டுல அப்படித்தான் விழுந்துச்சு. ஆய்வுகள் உறுதியாச் சொல்லாத இடத்துல கம்பெனி முடிவு சொல்ல வேண்டாம். எண்ணைக் காட்டினாப் போதும், பாக்குறவங்க முடிவு பண்ணிக்குவாங்க.

பச்சையாக்குறதும் சரிபண்றதும் ஒண்ணு இல்ல

'அப்போ எல்லா இடத்துலயும் எண்ணைக் குறைச்சுட்டாப் பிரச்சினை முடிஞ்சுதா?'ன்னா, எப்படிக் குறைக்கிறாங்கன்னு பாக்கணும்.

வாஷிங்டன் டி.சி. நடந்தது இது. துணைப்பொருள் எல்லைக்குள்ள வரணும்னு 2000 நவம்பர்ல குளோரினுக்குப் பதிலா குளோரமைனுக்கு மாறினாங்க. குளோரின் கூட அம்மோனியா சேர்ந்தது. அது கரிமத்தோட அவ்வளவா சண்டை போடாது. டிரைஹாலோமீத்தேன் எண் குறைஞ்சுது. ஆனா பழைய ஈயக் குழாய்களோட உள்பக்கம் படிஞ்சிருந்த பாதுகாப்புப் படலம் குளோரின் இருந்த வரைக்கும்தான் நிலைச்சுது. மாத்தினதும் அது கரைய ஆரம்பிச்சு, ஈயம் வீட்டுக் குழாய்க்கு வந்துடுச்சு. ஊர் மக்களுக்கு விஷயம் முழுசாத் தெரிய 2004 ஆயிடுச்சு. ஒரு டெஸ்ட் பாஸ் ஆச்சு, வேற மாட்யூல் உடைஞ்சுது.

மிஷிகன்ல ஃபிளின்ட் இதுக்கு எதிர்த்திசை. 2014 ஏப்ரல்ல காசு மிச்சம் பண்ண டெட்ராய்ட் ஏரித் தண்ணியை விட்டு ஃபிளின்ட் ஆத்துக்கு மாறினாங்க. ஆத்துல கரிமம் கூட. அரிப்பைத் தடுக்குற மருந்தும் போடல. இரும்புக் குழாய் துருப்பிடிச்சுது, அந்தத் துரு குளோரினைத் தின்னுடுச்சு. குளோரின் குறைஞ்சதும் ஆகஸ்ட், செப்டம்பர்ல கிருமி வந்துடுச்சு, கொதிக்க வச்சுக் குடிங்கன்னு அறிவிப்பு. அதுக்கு இன்னும் குளோரின் ஊத்தினாங்க. 2015 ஜனவரியில, டிரைஹாலோமீத்தேன் எல்லை மீறிடுச்சுன்னு மக்களுக்குக் கடிதம். ஈயம் பத்தி உலகம் பேசினது அதுக்கு அப்புறம்தான். ஆனா இந்த அமைப்புல ஏதோ தப்புன்னு முதல்ல கத்தின அலாரங்கள்ல இந்தத் துணைப்பொருள் எண்ணும் ஒண்ணு. அதைத் தனி டிக்கெட்டாப் பாத்தாங்க, மூலக் காரணம் தேடல.

ரெண்டு ஊர்லயும் ஒரே தப்பு: கடைசிக் கட்டத்துல மருந்தை மாத்தி எண்ணைச் சரிபண்ணப் பாத்தது. சரியான வரிசை வேற. முதல்ல கரிமத்தை எடு, அப்புறம் கிருமிநாசினி போடு. படிகாரம் மாதிரி பொருள் போட்டுக் கரிமத்தை நல்லாப் படிய வைக்கலாம். 1998 விதியே ஆத்துத் தண்ணி எடுக்குற பல நிலையங்கள் கரிமத்துல 15-லிருந்து 50 சதவீதம் வரை எடுக்கணும்னு சொல்லுது. அதுக்கு மேல வேணும்னா கரித்துகள் வடிகட்டி. ஒஹையோ ஆத்தங்கரையில சின்சினாட்டி நகரம் 1992-லயே அப்படி ஒரு பெரிய கரி வடிகட்டி நிலையம் கட்டிச்சு. கரியைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்த அங்கேயே உலையும் வச்சிருக்காங்க. செலவுதான். ஆனா குளோரின் குறைச்சலாப் போதும், துணைப்பொருளும் குறையும். எண்ணைக் குறைக்க இது மாதிரி நேர்மையான வழிகள் இருக்கு. தொட்டியில தண்ணி தேங்காம கலக்குறது, கடைக்கோடிக் குழாயைத் தொடர்ந்து கழுவி விடுறது கூட அதுல சேரும்.

மேல இருக்குறவங்க ஊத்துறது

ஆத்துல இன்னொரு சிக்கல் இருக்கு. நமக்குக் குடிநீர் எடுக்குற குழாய்க்கு மேல, இன்னொரு ஊரோட கழிவுநீர் நிலையம் தண்ணி விடுது. அந்தக் கழிவுநீருக்கும் குளோரின் போடுறாங்க. மீன் சாகாம இருக்க, ஆத்துல விடுறதுக்கு முன்னாடி மிச்சக் குளோரினை நீக்கிடுவாங்க. ஆனா அதுக்குள்ள உண்டான துணைப்பொருள் அங்கேயே நிக்கும். குளோரமைன் போட்டா கழிவுநீர்ல இருக்குற சில நைட்ரஜன் சேர்மங்கள் என்டிஎம்ஏங்கிற பொருளாவும் மாறும். அது நானோகிராம் கணக்குலயே கவலைப்பட வைக்கிறது. மேல இருக்குறவங்களோட அவுட்புட், கீழ இருக்குறவங்களுக்கு இன்புட். எந்த ஏபிஐ ஒப்பந்தமும் கிடையாது.

பென்சில்வேனியாவுல இது கண்ணுக்குத் தெரியுற மாதிரி நடந்துச்சு. பாறை எரிவாயுக் கிணறுகள்ல வந்த உப்புக் கழிவுநீரைச் சில சுத்திகரிப்பு நிலையங்கள் வாங்கி, அலெகெனி மாதிரி ஆறுகள்ல விட்டுச்சு. அதுல இருந்த புரோமைடை அந்த நிலையங்களால எடுக்க முடியல. கீழ குடிநீர் நிலையத்துல குளோரின் போட்டதும் புரோமின் கலந்த டிரைஹாலோமீத்தேன் கூடிச்சு. பொதுவா குளோரோஃபார்மை விட இந்த வகைதான் கூடுதல் கவலை தருது. ஆனா சட்ட எல்லை நாலோட எடையையும் கூட்டித்தான் பாக்குது, எது எவ்வளவு கெடுதல்னு பிரிச்சுப் பாக்காது. 2011 ஏப்ரல் மாசம் அந்தக் கழிவுநீரை இப்படிப்பட்ட நிலையங்களுக்கு அனுப்புறதை நிறுத்தச் சொல்லி மாநிலம் கம்பெனிகளைக் கேட்டுக்கிச்சு. கேட்டுக்கிச்சு, அவ்வளவுதான்.

1908-ல ஆரம்பிச்ச பழக்கம்தான் இது. மேல யார் என்ன ஊத்தினாலும் பில்லு கீழ இருக்குறவங்களுக்கு. அந்த பில்லையும் ஆவரேஜ் பண்ணிட்டா, யாருமே கட்டாத மாதிரித் தெரியும்.

உங்க வீட்டுக்கு என்ன?

நியூஸ்லெட்டர்ல அறிவுரை எழுதுறது எனக்குப் பிடிக்காது. ஆனா இது உபயோகமா இருக்கும்.

அமெரிக்காவுல இருந்தா, ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1-க்குள்ள உங்க தண்ணி கம்பெனி தர அறிக்கை தரணும். அதுல 'சராசரி'யைத் தாண்டி, பக்கத்துலயே 'ரேஞ்ச்'னு ஒரு காலம் இருக்கும். அதுல பெரிய எண்ணைப் பாருங்க. அப்புறம் கம்பெனிக்கு ஒரு மெயில்: "என் வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற மாதிரி எடுக்குற இடம் எது? அங்க கடந்த நாலு காலாண்டு எண் என்ன?" பல மாநிலங்கள் இதைப் பொது வலைத்தளத்துலயே வச்சிருக்கு. யாரும் திறந்து பாக்குறது இல்ல.

வேற நாட்டுல இருக்குறவங்களுக்கு: ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் எல்லை 100, ஆஸ்திரேலியாவுல 250. இந்தியத் தரம் நாலு பொருளுக்கும் தனித்தனி எல்லை வச்சிருக்கு. எல்லை எண் வேதவாக்கு இல்ல. அது ஆபத்துக்கும் செலவுக்கும் நடுவுல ஒவ்வொரு நாடும் பேசி முடிச்ச பேரம்.

ஃபில்டர் வாங்கினா பெட்டி மேல பாருங்க. என்எஸ்எஃப் 42 சான்று மட்டும் இருந்தா அது குளோரின் நாத்தத்துக்கும் ருசிக்கும்தான். டிரைஹாலோமீத்தேன் குறையணும்னா 53 சான்றும், குறைக்கிற பொருள் பட்டியல்ல அந்தப் பேரும் இருக்கணும். கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாத்தணும். நாத்தம் போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. குளோரின் நாத்தமும் துணைப்பொருளும் வேற வேற.

அம்மாவோட கேள்வி

நண்பன் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் பாதி ஆமா, பாதி இல்ல. திறந்து வச்சு நல்லாக் கொதிக்க வச்சா டிரைஹாலோமீத்தேன் ஆவியாப் போகும். ஹாலோஅசிட்டிக் அமிலம் பெரும்பாலும் போகாது, தண்ணி வத்தினா அடர்த்தி கூடத்தான் செய்யும். கிருமிக்கு அவங்க வழி பரம்பரையா நிரூபிச்சது. இதுக்கு அது அரை மருந்து.

போன்ல அன்னைக்கு நான் இவ்வளவும் சொல்லல. "ரகசியம் ஒண்ணும் இல்லடா, இந்த லிங்க்ல உன் ஏரியா எண் இருக்கு, பாரு"ன்னு மாநிலத் தளத்தோட லிங்க்கை அனுப்பினேன். என்டிஏ எதையும் நான் மீறல. அதே எண் பொதுவுல கிடந்துச்சு. அவன் பாத்தான், 53 சான்று ஃபில்டர் வாங்கினான், டாக்டர்கிட்டயும் கேட்டான். பெண் குழந்தை, நல்லா இருக்கா. ஃபில்டராலதான்னு நான் சொல்ல மாட்டேன், ஃபில்டர் இல்லாமயும் நல்லாத்தான் இருந்திருப்பா. எனக்கு உறுத்துறது வேற. அந்த ஏரியாவுல அவன் ஒருத்தனுக்குத்தான் ஐடி கம்பெனியில வேலை பாக்குற நண்பன் இருந்தான். மத்த வீடுகளுக்கு நான் கட்டின பச்சை டைல்தான் பதில் சொல்லிச்சு.

அந்த டிக்கெட்டை மூடினப்போ நான் ஒரு வரியாவது எழுதியிருக்கணும். "முகவரி கேட்டா முகவரி எண்ணைக் காட்டணும்"னு. காண்ட்ராக்ட் நீட்டிப்பு வந்துச்சு. டைல் இன்னும் அப்படியே இருக்கு, போன வாரம் கூடப் பாத்தேன்.

நம்மள்ல எத்தனையோ பேர் தண்ணி, மின்சாரம், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு டேஷ்போர்டு கட்டிக்கிட்டு இருக்கோம். அடுத்த தடவை யாராவது "மக்களைக் குழப்ப வேண்டாம், ஆவரேஜ் போட்டுடுங்க"ன்னு சொன்னா, அந்த ஆவரேஜுக்குள்ள யாரோட குழாய் இருக்குன்னு ஒரு தடவை கேட்டுடுங்க. நானும் இனிமே கேக்கப் போறேன்.

உங்க ஊர்த் தண்ணி அறிக்கையைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா, ரேஞ்ச்ல இருக்குற பெரிய எண்ணை எனக்கு ரிப்ளை பண்ணுங்க. எந்த நாடு, எந்த ஊர்னு சேர்த்துப் போடுங்க. வந்ததை அடுத்த எபிசோட்ல ஊர் வாரியாப் படிக்கிறேன். சத்தியமா ஆவரேஜ் போட மாட்டேன்.